கேப்டன் ஜெனரலான கெடா மண்

அலோர்ஸ்டாரிலிருந்து தெற்கே வரும் பழைய நெடுஞ்சாலை குரூண் வழியாக பீடோங் வந்து, அங்கிருந்து சுங்கைப்பட்டாணி நோக்கிச் செல்கிறது. ஒரு பக்கம் குனோங் ஜெராய், மறுபக்கம் தோட்டங்கள். இந்தச் சாலையில் 1941 டிசம்பரில் ஒரு பெரும் படை ஒரே வாரத்தில் பின்வாங்கி ஓடியது. அந்த வாரத்தில் கெடாவில் இருந்த இரண்டு இராணுவ அதிகாரிகளின் கதை கவனிக்கத்தக்கது. ஒருவர் மேஜர் ஜெனரல் முர்ரே லயன். ஆயிரக்கணக்கான வீரர்களைக் கொண்ட 11ஆவது இந்திய டிவிஷனின் தலைவர். மற்றவர் அதே டிவிஷனில் பணியாற்றிய கேப்டன் மோகன் சிங். டிசம்பர் முடிவதற்குள் முதலாமவர் தம் பொறுப்பை இழந்தார். இரண்டாமவர் சில மாதங்களில் ‘ஜெனரல் மோகன் சிங்’ என்று அழைக்கப்பட்டார்.

கேப்டன் பதவிக்கும் ஜெனரல் பதவிக்கும் இடையே மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் என்று ஆறு பதவிகள் உள்ளன. அமைதிக் காலத்தில் இந்தப் படிகளை ஏறி முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெரும்பாலோர் பாதி வழியிலேயே ஓய்வு பெற்றுவிடுவார்கள். அப்படியானால் ஒரு கேப்டன் எப்படி ஒரே பாய்ச்சலில் ஜெனரல் ஆனார்? அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியது யார்? அது செல்லுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், ஜெனரல் என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல் பிறந்த கதை

ஜெனரல் என்பதற்கு இன்று நாம் படைத்தலைவர் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு உண்மையில் ‘பொதுவான’, ‘எல்லோருக்கும் உரிய’ என்றுதான் பொருள். பொது மருத்துவமனை, பொதுச் செயலாளர் என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் வரும் அதே சொல்தான் இது. இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

ஐரோப்பாவில் பழங்காலத்தில் ஒரு படைக்குழுவின் தலைவரைக் கேப்டன் என்றார்கள். ‘தலை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. ஒரு கேப்டனுக்கு அவருடைய குழு மட்டுமே சொந்தம். பல குழுக்கள் ஒன்று சேர்ந்து போருக்குப் போகும்போது, எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான ஒரு தலைவர் தேவைப்பட்டார். அவரைக் ‘கேப்டன் ஜெனரல்’, அதாவது பொதுக் கேப்டன் என்று அழைத்தார்கள். நாளடைவில் கேப்டன் என்ற முன்பகுதி உதிர்ந்து, ஜெனரல் என்ற அடைமொழி மட்டும் தங்கிவிட்டது.

இராணுவப் பதவிகளைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் ஒரு குழப்பம் வரும். மேஜர் பெரியவர், லெப்டினன்ட் சிறியவர். ஆனால் மேஜர் ஜெனரலைவிட லெப்டினன்ட் ஜெனரல் பெரியவர். இது எப்படி? இதற்கும் விடை பழைய வரலாற்றில்தான் இருக்கிறது. லெப்டினன்ட் என்றால் ‘இன்னொருவருடைய இடத்தில் இருப்பவர்’ என்று பொருள். பொதுத் தலைவர் இல்லாதபோது அவருடைய இடத்தில் நின்று படையை நடத்துபவர் லெப்டினன்ட் ஜெனரல். எனவே அவர் இரண்டாம் இடத்தில் இருந்தார். மூன்றாம் இடத்தில் இருந்தவருக்கு முதலில் ‘சார்ஜண்ட் மேஜர் ஜெனரல்’ என்று பெயர். படையை அணிவகுத்து நிறுத்துவதும், உணவு, தங்குமிடம் போன்ற ஏற்பாடுகளைக் கவனிப்பதும் அவர் வேலை. பிற்காலத்தில் சார்ஜண்ட் என்ற சொல் உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனது. பெயர் சுருங்கியதால் குழப்பம் வந்தது. வரிசை மாறவில்லை.

இங்கிலாந்தில் 1645இல் நாடாளுமன்றம் அமைத்த புதிய படையில் இந்த மூன்று பதவிகளையும் ஒருங்கே காணலாம். சர் தாமஸ் ஃபேர்ஃபேக்ஸ் கேப்டன் ஜெனரலாக இருந்தார். குதிரைப்படைக்கு ஆலிவர் குரோம்வெல் லெப்டினன்ட் ஜெனரல். காலாட்படையை நடத்திய பிலிப் ஸ்கிப்பன் சார்ஜண்ட் மேஜர் ஜெனரல். இன்று உலகின் பெரும்பாலான இராணுவங்களில், நம் மலேசிய இராணுவம் உட்பட, காணப்படும் மேல்நிலைப் பதவிகளின் வேர் இதுதான்.

சேனாபதியும் தண்டநாயகனும்

தமிழுக்குப் படைத்தலைமை புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் சேனாபதி, தண்டநாயகன் ஆகிய பட்டங்கள் நிறைய வருகின்றன. முதலாம் இராஜராஜனின் சேனாபதியான கிருஷ்ணன் இராமன் என்ற மும்முடிச்சோழ பிரமராயன்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்தவர். முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரை நடத்திய கருணாகரத் தொண்டைமான், ஒரு பரணி நூலுக்கே நாயகனாக விளங்குகிறார்.

பீடோங் மக்களுக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. ஊருக்கு அருகிலேயே மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு, சுங்கை பத்து அகழாய்வுப் பகுதி ஆகியவை இருக்கின்றன. பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த வட்டாரம் இது. முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் இங்கே வந்து, மன்னனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டத்தைத் தேடித் தந்தது. ஆனால் இந்த வெற்றியைப் பேசும் மெய்க்கீர்த்தியில் மன்னனின் புகழ்தான் இருக்கிறது. கப்பல்களைக் கடல் கடந்து செலுத்தி வந்த தளபதியின் பெயர் அதில் இல்லை. அன்றைய முறை அது. வெற்றி மன்னனுடையது. சேனாபதி மன்னன் தந்த பட்டத்தைச் சுமப்பவர் மட்டுமே.

இதில் ஓர் அடிப்படை உண்மை அடங்கியிருக்கிறது. படைப்பதவி என்பது ஒருவர் தாமாகவே சூட்டிக்கொள்ளக்கூடியது அன்று. அன்று மன்னன் கொடுத்தான். இன்று நாட்டின் பெயரால் அரசு கொடுக்கிறது. பதவி ஆணை இல்லாத ஜெனரல், முத்திரை இல்லாத நாணயம் போன்றவர். கடைத்தெருவில் யாரும் வாங்க மாட்டார்கள். மோகன் சிங்கின் கதை இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது.

நெடுஞ்சாலையில் ஒரு வாரம்

எந்தப் பதவிக்கு எத்தனை வீரர்கள் என்பதைப் புரிந்துகொள்ள கெடாவில் நடந்த போரே நல்ல பாடம். சுமார் 800 பேர் கொண்டது ஒரு பட்டாளியன். அதற்கு லெப்டினன்ட் கர்னல் தலைவர். வழக்கமாக மூன்று பட்டாளியன் சேர்ந்தால் ஒரு பிரிகேட். அதற்குப் பிரிகேடியர். சில பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன். அதற்கு மேஜர் ஜெனரல். டிவிஷன்கள் சேர்ந்தது கோர். அதற்கு லெப்டினன்ட் ஜெனரல். வட மலாயாவைக் காக்க வேண்டிய மூன்றாவது இந்தியக் கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல் ஹீத் தலைவராக இருந்தார். அவருக்கு மேலே மலாயா முழுமைக்கும் லெப்டினன்ட் ஜெனரல் பெர்சிவல் பொறுப்பேற்றிருந்தார். இருவருக்கும் ஒரே பதவி. ஆனால் ஹீத் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அந்த மனக்கசப்பு போர் முழுவதும் தொடர்ந்தது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் சிங்கோரா, பட்டாணி, கோத்தாபாரு கடற்கரைகளில் இறங்கினர். முர்ரே லயனின் டிவிஷன் ஜித்ராவில் அவர்களைத் தடுக்கக் காத்திருந்தது. எல்லையைத் தாண்டிச் சென்று தாக்குவதா, ஜித்ராவில் நின்று தடுப்பதா என்ற முடிவு மேலிடத்திலிருந்து தாமதமாக வந்தது. பதுங்கு குழிகளில் மழைநீர் நிரம்பிக் கிடந்தது. டிசம்பர் 11ஆம் தேதி கொட்டும் மழையில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியாகப் பாய்ந்து வந்தபோது, ஆசூன் அருகே இருந்த 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்ட்டின் முதலாம் பட்டாளியன் சிதறிப்போனது. மறுநாள் இரவே ஜித்ராவைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்து குரூணில் நின்றார்கள். அங்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டிசம்பர் 16 வாக்கில் டிவிஷனில் மிஞ்சியவர்கள் பீடோங்கையும் சுங்கைப்பட்டாணியையும் கடந்து மூடா ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டார்கள்.

ஜித்ராவில் முதலில் வந்து மோதியது லெப்டினன்ட் கர்னல் சாயெகி என்பவர் நடத்திய ஒரு சிறிய முன்னணிப் படைதான் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு மேஜர் ஜெனரலின் டிவிஷனை, பதவியில் மூன்று படி கீழே இருந்த ஓர் அதிகாரி நிலைகுலைய வைத்துவிட்டார். கிறிஸ்துமசுக்கு முன்பே முர்ரே லயன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஜெனரல் என்ற பதவி அதிகாரத்தை மட்டும் தருவதில்லை. தோல்வி வந்தால் பழியையும் அதுவே சுமக்க வேண்டும். முடிவைத் தாமதித்தவர்கள் மேலே இருந்தாலும், விலை கொடுத்தவர் களத்தில் நின்ற தலைவரே.

காட்டில் தொலைந்த கேப்டன்

சிதறிப்போன அந்தப் பஞ்சாப் பட்டாளியனில் இருந்தவர்தான் மோகன் சிங். 1927இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து அதிகாரியானவர். அவருடைய உயர்வு எவ்வளவு அரிது என்பதை அறிய அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடியும் காலம் வரை பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய உயர்ந்த படி பெரும்பாலும் சுபேதார் மேஜர்தான். முப்பது ஆண்டு அனுபவமுள்ள சுபேதார் மேஜரும், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளம் லெப்டினன்ட்டுக்குக் கீழ்ப்பட்டவரே. 1918க்குப் பிறகுதான் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடம் என்ற அளவில் இந்தியருக்குக் கதவு திறந்தது. டேராடூனில் இராணுவக் கல்லூரி 1932இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் களத்தில் ஒரு பிரிகேடை நடத்தும் வாய்ப்புப் பெற்ற ஒரே இந்தியர் திம்மய்யா. அதுவும் போர் முடியும் தறுவாயில், 1945இல்தான்.

அதாவது, மலாயாவில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இந்திய ஜெனரல் ஒருவர்கூட இல்லை.

ஜித்ரா தோல்விக்குப் பிறகு காட்டில் அலைந்த மோகன் சிங், டிசம்பர் 15ஆம் தேதி வாக்கில் அலோர்ஸ்டாரில் ஜப்பானிய உளவுப் பிரிவைச் சேர்ந்த மேஜர் ஃபுஜிவாராவைச் சந்தித்தார். உடன் இருந்தவர் பாங்காக்கிலிருந்து வந்த கியானி பிரீதம் சிங். இந்தியாவின் விடுதலைக்காகப் போர்க்கைதிகளைக் கொண்டே ஒரு படையை அமைக்கலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவம் என்றதும் பலருக்கும் சிங்கப்பூர்தான் நினைவுக்கு வரும். அதன் முதல் வித்து விழுந்தது கெடாவில்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகள் மோகன் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி சுமார் 16,000 வீரர்களுடன் இந்திய தேசிய இராணுவம் முறையாக அமைந்தது. கேப்டன் மோகன் சிங் ஜெனரல் மோகன் சிங் ஆனார். அவரைவிட மூத்த இந்திய அதிகாரிகள் சிலர் இதை விரும்பவில்லை. நேற்றுவரை தங்களுக்கு வணக்கம் செலுத்தியவருக்கு இன்று தாங்கள் வணக்கம் செலுத்துவதா என்ற முணுமுணுப்பு எழுந்தது.

ஜெனரலைக் கைது செய்த கர்னல்

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த ஜெனரல் தம் படைக்காகப் பேச வேண்டியிருந்தது முதலில் ஒரு மேஜரிடம். பிறகு அவருக்குப் பதிலாக வந்த கர்னல் இவாகுரோவிடம். ஜப்பானிய அரசு இந்தப் படையை ஒரு சுதந்திர நாட்டின் படையாக எழுத்து மூலம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மோகன் சிங் வற்புறுத்தினார். தெளிவான பதில் வரவில்லை. கருத்து வேறுபாடு முற்றி, 1942 டிசம்பர் 29ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். முதலாவது இந்திய தேசிய இராணுவம் கலைந்தது. பெயரளவில் ஜெனரல், ஆனால் ஒரு கர்னலின் கட்டளைக்குக் கைதியானார்.

தோளில் உள்ள பட்டையைவிட, அந்தப் பட்டைக்குப் பின்னால் நிற்கும் நாடு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். அக்டோபர் 21ஆம் தேதி அவர் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். படைக்கு முன் ஓர் அரசு இருக்க வேண்டும், அப்போதுதான் படையின் பதவிகளுக்குப் பொருள் உண்டு என்பதே அதன் உட்பொருள். படையின் உச்சத் தளபதியாகப் பொறுப்பேற்ற அவரே ஜெனரல் என்ற பட்டத்தைச் சூடிக்கொள்ளவில்லை. மக்களுக்கு அவர் நேதாஜியாகவே இருந்தார்.

பெரட்டுக் களத்திலிருந்து

இனி தோட்டத்துக்கு வருவோம். அன்றைய ரப்பர் தோட்டமும் ஒரு படைபோலத்தான் நடந்தது. மேலே பெரிய துரை, அடுத்து சின்ன துரை, அதற்குக் கீழே பெரிய கிராணி, சின்ன கிராணி, கங்காணி, மண்டோர். எல்லோருக்கும் கீழே பால்வெட்டும் தொழிலாளி. விடியும் முன் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குத் தோட்டத் தமிழில் பெரட்டு என்று பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கில இராணுவச் சொல்தான் தமிழர் வாயில் பெரட்டு ஆனது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தில், இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அந்த வேலை நிறுத்தத்தை அடக்க அனுப்பப்பட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது வரலாற்றின் கசப்பான பக்கம்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்று பலரை இழுத்தது. சயாம் மரண ரயில்வேக்குப் பிடித்துக்கொண்டு போவதிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், துரைக்கு முன் குனிந்து நின்ற ஒருவர் முதுகை நிமிர்த்தி நடக்கக் கற்றுக்கொண்டார். கட்டளைச் சொற்கள் இந்துஸ்தானியில் இருந்தன. அதைத் தமிழ் இளைஞர்கள் மனப்பாடம் செய்தார்கள். மனிதரை நிற்க வைத்த வரிசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் கூலி என்ற பெயர், மற்றதில் சிப்பாய் என்ற பெயர்.

பெண்களும் வந்தார்கள். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அவருடைய படையில் பெரும் பகுதியினர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்கள். லட்சுமி பின்னர் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். ஆனால் மக்கள் அவரைக் கேப்டன் லட்சுமி என்றே அழைத்தார்கள். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோதும், 2012இல் கான்பூரில் மறைந்தபோதும் அவர் கேப்டன் லட்சுமிதான். அரசு கொடுக்கும் பதவி ஒன்று. மக்கள் மனத்தில் தங்கும் பதவி வேறு.

செங்கோட்டையில் பறிக்கப்பட்டது எது?

போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் மூவர் மீது இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தில் ஷா நவாஸ் கான் மேஜர் ஜெனரல். பிரேம் சேகலும் குர்பக்ஷ் சிங் தில்லனும் கர்னல்கள். ஷா நவாஸும் தில்லனும் மோகன் சிங் இருந்த அதே பஞ்சாப் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர்கள். ஆனால் நீதிமன்றம் அவர்களை கேப்டன் ஷா நவாஸ் கான், கேப்டன் சேகல், லெப்டினன்ட் தில்லன் என்றே அழைத்தது. பிரிட்டிஷ் மன்னர் கொடுத்த பதவியே பதவி, மற்றது பதவியன்று என்பது அதன் நிலை.

1946 ஜனவரி 3ஆம் தேதி தீர்ப்பு வெளியானது. ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் என்ற தண்டனையை இராணுவத் தலைமைத் தளபதி ஆகின்லெக் ரத்து செய்தார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு அதற்குக் காரணம். ஆனால் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூவரும் பதவி பறிக்கப்பட்டு இராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிலுவைச் சம்பளமும் பறிபோனது. உயிரை விட்டார்கள், பதவியை எடுத்துக்கொண்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு சுதந்திர இந்தியாவின் இராணுவமும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மன்னருக்கு எடுத்த உறுதிமொழியை மீறியவர்களைச் சேர்த்தால் படையின் கட்டுப்பாடு குலையும் என்பது அதிகாரிகளின் வாதம். அந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. உறுதிமொழியைக் காத்து நின்ற இந்தியரும் இருந்தார்கள் அல்லவா? திருச்செங்கோடு அருகே குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி.குமாரமங்கலம் லிபியாவில் வீரமாகப் போரிட்டு விருது பெற்றார். பிறகு போர்க்கைதியாகி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். அவர்தான் 1966இல் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக, முழு ஜெனரலாக உயர்ந்தார். இரு தரப்பிலும் நேர்மை இருந்தது. இரு தரப்பும் விலை கொடுத்தது. வரலாற்றில் சில கேள்விகளுக்கு ஒரே விடை இருப்பதில்லை.

பீடோங்கில் நடந்த பெரட்டு

கெடாத் தோட்டங்களுக்குத் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை, எந்த மாலையும் இல்லை. மறுபடியும் உளியும் வாளியும்தான். ஆனால் நிமிர்ந்த முதுகு மறுபடி வளையவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் தொண்டர் படை என்ற இயக்கம் தோன்றியது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதன் தலைவர். நேதாஜி படையில் கற்ற ஒழுங்கும் அணிவகுப்பும் அதில் தெரிந்தன. ஆனால் அவர்கள் எதிர்த்தது பிரிட்டிஷ் டாங்கிகளை அன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை. சம்பளம் வாங்கிய கையோடு பணம் கள்ளுக்கடைக்குப் போவதைத் தடுக்க மறியல் செய்தார்கள்.

1947 பிப்ரவரியில் பீடோங் கள்ளுக்கடை முன் நடந்த மறியல் போலீசாருடன் மோதலில் முடிந்தது. தொடர்ந்து தோட்டங்களில் சோதனைகளும் கைதுகளும் நடந்தன. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்த, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இயக்கம் ஒடுக்கப்பட்டது. கள்ளை எதிர்த்த தொழிலாளிகளைக் கண்டு அரசாங்கம் ஏன் இவ்வளவு அஞ்சியது? வரிசையாக நிற்கத் தெரிந்த மக்கள், யாருடைய கட்டளைக்கு நிற்கிறார்கள் என்பதுதான் அதிகாரத்துக்கு எப்போதும் கவலை. காலையில் துரையின் பெரட்டுக்கு நின்றவர்கள், மாலையில் தங்களுடைய பெரட்டுக்கு நின்றார்கள். அந்த மாற்றத்தைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாடு கொடுத்த பதவி

சொந்த நாடு அமைந்த பிறகு பதவிகளுக்கும் சொந்தப் பொருள் வந்தது. இலங்கையில் 1955இல் அந்நாட்டு இராணுவத்தின் முதல் உள்நாட்டுத் தளபதியாக ஆண்டன் முத்துக்குமாரு என்ற தமிழர் நியமிக்கப்பட்டார். மலேசியாவில் 1964இல் ஆயுதப் படைகளின் முதல் உள்நாட்டுத் தலைவராக வந்த துங்கு ஒஸ்மான், கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1967இல் நம் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் கே.தனபாலசிங்கம், ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 31. பின்னர் அவர் பெற்ற ரியர் அட்மிரல் பதவி, தரைப்படையின் மேஜர் ஜெனரலுக்குச் சமமானது. தமிழ்நாட்டில் பிறந்த சுந்தர்ஜி 1986இல் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியானார். 1941இல் ஓர் இந்திய ஜெனரலைக் கற்பனைகூடச் செய்ய முடியாதிருந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம்.

இவர்களுக்கெல்லாம் பதவி ஆணை இருந்தது, சீருடை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. ஆனால் கெடாத் தோட்டங்களிலிருந்து போய், பர்மா எல்லையில் மலேரியாவில் மடிந்த சிப்பாய்க்கும், திரும்பி வந்து தொண்டர் படையில் நின்ற தொழிலாளிக்கும் என்ன இருக்கிறது? இந்திய அரசு 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் சேர்க்கப்பட்டனர். சான்று காட்ட முடிந்தவர்களுக்குப் பயன் கிடைத்தது. மலாயாத் தோட்டங்களிலேயே வாழ்ந்து மறைந்தவர்களில் பலருக்கு ஒரு காகிதமும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயத்து வீடுகளோடு அந்த நினைவுகளும் போயின.

இன்று அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. எனினும் பீடோங், சுங்கைப்பட்டாணி, குரூண் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய புகைப்படமோ, ஒரு பித்தான்களோ, ‘தாத்தா பட்டாளத்தில் இருந்தார்’ என்ற ஒரு வரிச் செய்தியோ இருக்கும். எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த முகாம், என்ன பதவி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது பேரப்பிள்ளைகளின் கடமை. மெய்க்கீர்த்தியில் இடம் பெறாமல் போன கடாரத்துத் தளபதியின் பெயரை இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தச் சிப்பாய்களின் பெயர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது.

ஜெனரல் என்றால் ‘எல்லோருக்கும் பொதுவானவர்’ என்பது அந்தச் சொல்லின் முதல் பொருள். அப்படிப் பார்த்தால், ஒரு படையின் வரலாறும் அதன் தலைவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. பெரட்டில் கடைசி வரிசையில் நின்றவருக்கும் அதில் பங்கு உண்டு.